தகரம் வழியாக ஒரு குடித்தனம்

ஷேக் தாவூத் கடையில் நின்று பேசினால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் போகிற பஸ்கூடக் கொஞ்சம் நிதானித்துக் கேட்டுவிட்டுத்தான் போகும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். மெத்தை வியாபாரம். வாய் பேசாத ஆளிடம் யார் மெத்தை வாங்குவார்கள்? "படுத்துப் பாருங்க நைனா, எழுந்திரிக்க மனசு வந்துச்சுன்னா இந்த மெத்தை வாணாம், வேற கடைக்குப் போங்க" என்பார். வந்தவர் படுப்பார், எழுந்திருக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட வாய். அந்த வாயை, கரையான்சாவடியில் இருக்கும் தன் வீட்டு மாடிப்படி ஏறி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அதன் பக்கத்திலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போவார்.

உடனே 'ஓஹோ, மனைவி பெரிய ராட்சசி போலிருக்கிறது' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரசூல் பீவி ஒரு நாளும் குரலை உயர்த்தியவள் இல்லை. அதுதான் தொந்தரவே. அவளிடம் போய் ஒரு விஷயத்தைச் சொன்னால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் யோசிப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்குகிற தெம்பு தாவூதுக்குக் கிடையாது. அவள் வாய் திறப்பதற்குள் இவரே, "சரி வுடு, நான் சும்மாதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொள்வார். கல்யாணமான புதிதில் ஒரு மின்விசிறி வாங்கும் விஷயத்தைக்கூட இப்படியே பல மாதம் சும்மாதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் குடித்தனத்தைக் காப்பாற்றியது ஒரு தகரக் குழாய்.

வீட்டைக் கட்டியவர் வேறொருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியை இழுத்து மூடியபோது அதன் பெரிய ஏசி மெஷினையும், காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களையும் ஏலத்தில் எடுத்துவந்து தன் வீட்டு மாடியில் மாட்டிவிட்டார். மேலே இரும்புத் தகடு வேய்ந்த கூரை, அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருட்டு. அந்த இருட்டுக்குள் மலைப்பாம்பு மாதிரி குழாய்கள் ஓடி, ஒவ்வொரு அறையின் உச்சியிலும் ஒரு கம்பித் தட்டி வழியாக வாயைத் திறந்தன. ஆர்வக் கோளாறில் மனுஷர் சமையலறையைக்கூட விடவில்லை. காற்றடித்து அடுப்பு அணைகிறது என்று ரசூல் பீவி அந்தத் தட்டியின் மூடியை எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள்.

தாவூத் வீட்டை வாங்கிக் குடிவந்த புதிதில், கணக்கு வழக்கு பார்க்க ஒதுக்கிய தன் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு நண்பர் தசரதனிடம் போனில் புலம்பினார். தசரதன் அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர், தாவூதின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். "குழம்புல ஒரே புளி மாமே, வவுறு எரியுது" என்றார் தாவூத். மறுநாள் குழம்பில் புளிப்பே இல்லை. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் முட்டி வலிக்கிறது என்று தசரதனிடம் சொன்னார். ராத்திரி தலைமாட்டில் தைலப் புட்டி வந்து உட்கார்ந்திருந்தது. "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டதற்கு, "உங்க மனசுல கீறது எனக்குத் தெரியாதா?" என்றாள் ரசூல் பீவி, ஒரு ஞானியின் முகத்தோடு.

தாவூத் ஒன்றும் மக்கு இல்லை. ஏணி போட்டு ஏறித் தட்டியைத் தட்டிப் பார்த்தார். அவர் அறைக்கும் சமையலறைக்கும் ஒரே குழாய். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

அன்றிலிருந்து அவருக்கு நல்ல காலம் பிறந்தது. மனைவியிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அறைக்குள் போவார், போனைக் காதில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் மிக்ஸி நிற்கும். 'டக்' என்று அந்த மூடி திறக்கும் ஓசை வரும். அதுதான் இவருக்குச் சிக்னல். உடனே ஆரம்பிப்பார். நேராகக் கேட்க மாட்டார், அதில்தான் அவருடைய தொழில் நுட்பம் இருந்தது. "அக்கா நம்ம ஊட்ல வந்து கொஞ்ச நாள் இருக்கறேன்றாங்க மாமே. ரசூலுக்குக் கஷ்டமாச்சே, வரவேணாம்னு சொல்லிடப் போறேன். பாவம் அக்கா" என்று மூக்கை உறிஞ்சுவார். மறுநாள் காலை ரசூல் பீவியே, "உங்க அக்காவ வரச் சொல்லுங்க" என்பாள். மகன் தப்ரேஸை மஸ்கட்டுக்கு அனுப்பியதும் இப்படித்தான். பாதி நேரம் போனின் அந்தப் பக்கம் தசரதன் இருப்பார். மீதி நேரம் யாரும் இருக்க மாட்டார்கள்.

வீட்டில் இதன் பலன் என்னவென்றால், அத்தா சொன்னால் அம்மா தட்ட மாட்டார் என்று பிள்ளைகள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு உள்விவகாரம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மஹ்ஜபீன் அவரைத் தேடி வீட்டுக்குக் கீழே இருந்த மெத்தைக் கிடங்குக்கு வந்தாள். ஆவடி பக்கம் இன்ஜினியரிங் படித்து முடித்த பெண். வண்டி வடிவமைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது.

"அத்தா, வேலை பூனாவுல. வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றேனா இல்லையான்னு சொல்லணும்."

"பூனாவா? அங்க போய் இன்னாம்மா சாப்டுவ?"

"சோறுதான் அத்தா. அதில்ல இப்போ. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா ஒண்ணும் பேசாம பாப்பாங்க. அந்தப் பார்வை என்னால முடியாது."

மகள் தன் ரத்தம்தான் என்று தாவூதுக்கு உறுதியாயிற்று. பெருமை பொங்க, மெத்தை அடுக்கின் மேல் கையைத் தட்டி, "இதெல்லாம் ஒரு விஷயமா? அத்தா சொல்லி அம்மா என்னைக்காச்சும் மாட்டேன்னு சொல்லிக் கீறாளா? நீ பொட்டியக் கட்டு" என்றார். மஹ்ஜபீன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். அவள் மேலே போன பிறகுதான் தாவூதுக்கு, மகனும் இல்லை, இனி மகளும் இல்லை என்றால் வீடு என்னவாகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அப்படியே ஒரு தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, மறுநாள் குழாயில் பேச வேண்டிய வசனத்தை யோசிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை, வசனம் நாக்கு நுனியில் இருக்க, அறைக்குப் போக எழுந்தார். கூடத்தில் ஒருவன் அளவு டேப்பை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"வணக்கம் பாய். நான் ஜெகதீஷு, அம்பத்தூரு. டக்ட்டு, ஏசிக் குழாய் வேலை செய்றவன். அக்கா கூப்ட்டாங்க."

ரசூல் பீவி சமையலறையிலிருந்து வந்தாள். "அந்தப் பழைய தகரத்தையெல்லாம் எடுத்துட்டுப் புதுசு போடச் சொல்லிட்டேன். துரு கொட்டுது. நேத்து தொழுகைப் பாயி மேல எவ்ளோ கரி பாத்தீங்களா? உள்ள எலி வேற குடும்பம் நடத்துது."

தாவூத் ஓடிப்போய் அளவு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "பழசுதான் கெட்டி ரசூலு. இந்தக் காலத்துப் பொருளெல்லாம்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, மாத்து. நான் சும்மாதான் சொன்னேன்" என்றார் தாவூத்.

தன் காதையே தானே அறுத்துக்கொள்ள இவளுக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. ஒருவேளை புதுக் குழாயிலும் கேட்குமோ? ஜெகதீஷைத் தனியாகப் பிடித்து விசாரித்தார். அவன் ஒரு துண்டைக் காட்டினான். வெள்ளித் தாள் சுற்றிய, உள்ளே பஞ்சு வைத்த வளைகிற குழாய். "சத்தமே வராது பாய். ஊட்ல ஏசி ஓடுறதே தெரியாது. நீங்க இந்தப் பக்கம் நின்னுகினு கத்தினாலும் அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்காது." அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். பஞ்சை விற்றே பிழைத்த மனுஷருக்குப் பஞ்சே எமனாக வந்து நின்றது.

"ஜெகதீஷு, ஒரு உதவி. என் ரூம்லேந்து கிச்சனுக்குப் போவுதே, அந்த ஒரு தகரத்த மட்டும் வுட்டுடு."

"அதுதான் பாய் இருக்கறதுலயே மோசம். ஏன்?"

"ராசியான தகரம்."

ஜெகதீஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும் என்று அவனுக்கு அனுபவம். "வுட முடியாது பாய், அக்கா திட்டுவாங்க. வேணும்னா அத்தக் கடைசியா கழட்டறேன்" என்றான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தாவூத் மூச்சு விட்டார். அன்று மாலையே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தார். மிக்ஸி நின்றது. 'டக்' சத்தம் வரவில்லை. மேலே எங்கேயோ சுத்தியல் அடிக்கிற ஓசையில் அது அமுங்கியிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, குரலில் வேண்டிய அளவு சோகத்தைக் கலந்து ஆரம்பித்தார்.

"மாமே தசரதா, மனசே சரியில்லடா. பொண்ணுக்குப் பூனாவுல வேலை வந்துக்கீது. ரசூலு தாங்க மாட்டா, போவ வேணாம்னு சொல்லிடப் போறேன். பாவம் புள்ள..."

சுத்தியல் நின்றது. உச்சியிலிருந்த தட்டி வழியாகக் கணீரென்று ஒரு குரல் இறங்கியது.

"பூனாவா? ரொம்ப தூரமாச்சே பாய்! ஆனா நல்ல கம்பெனின்னா அனுப்பிடுங்க. என் மச்சான்கூட அங்கதான் கீறான்."

தாவூத் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ராசித் தகரத்தோடு சேர்ந்திருந்த பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாய்க்கு நேரே தலையை வைத்துக்கொண்டு ஜெகதீஷ் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்குவதற்குள் இருட்டிவிட்டது. சத்தியம் செய்துவிட்டு அவன், "அப்பிடின்னா போன்ல யாரு பாய்?" என்று கேட்டான். தாவூத் அவன் கையில் அளவு டேப்பைத் திணித்து வாசலைக் காட்டினார்.

செவ்வாயும் புதனும் குழாய்ப் பக்கத்திலேயே ஜெகதீஷ் இருந்ததால், சாப்பாட்டு நேரத்தில் நேராகச் சொல்லிப் பார்த்தார். அதாவது, சொல்ல வாயைத் திறந்தார். முதல் நாள் "ரசூலு" என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உப்பு" என்றார். உப்பு வந்தது. இரண்டாம் நாள் "ரசூலு, நம்ம மஹ்ஜபீன்..." வரை போய்விட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "...இளைச்சுட்டா இல்ல?" என்று முடித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மஹ்ஜபீன் தட்டைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

கை கழுவும் இடத்தில் அவள் பின்னாலேயே வந்தாள். "அத்தா, சொல்லிட்டீங்களா இல்லையா? நாளைக்கு ராத்திரிக்குள்ள தெரியலன்னா நான் வரலன்னு எழுதிடறேன். அம்மாவுக்குத் தெரியாம என்னால போக முடியாது."

"சொல்லிட்டேன்மா. பாதி சொல்லிட்டேன்."

"எந்தப் பாதி?"

தாவூத் வாய் கொப்பளித்தார். மகளின் முகத்தில் அவரைப் பற்றிய அந்தப் பெரிய நம்பிக்கை லேசாக ஆட்டம் காண்பதைப் பார்த்தார்.  மெத்தை விற்காமல் போனால் போகட்டும், மகள் கண்ணில் விலை குறைவதை எந்த அத்தாவால் தாங்க முடியும்?

வியாழக்கிழமை மதியம் அவர் கடையை விட்டுவிட்டு ஓடி வந்தபோது ஜெகதீஷ் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தான். "மன்னிச்சுக்குங்க பாய். உங்க ராசித் தகரம், கைய வெச்சதுமே உதுந்துடுச்சி. சாப்ட்டு வந்து புதுசு மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கூடத்தில் ஏணி நின்றிருந்தது. அதன் உச்சியில் சீலிங்கின் சதுர வாசல் திறந்து கிடந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். தாவூதுக்கு அது தெரியும். ஆனாலும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் கவலைப்பட வேண்டியிருக்காது.

மேலே அனல் என்றால் அனல். கூரைத் தகடு வெயிலில் காய்ந்து மண்டையைச் சுட்டது. பழைய குழாய்கள் துண்டு துண்டாகக் கிடந்தன, புதியவை வெள்ளியாக மின்னின. இரும்புச் சட்டங்களின் மேல் முட்டி போட்டு, மூக்கில் எலிப் புழுக்கை வாசனை ஏற, அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு தவழ்ந்தார். கொஞ்சம் தள்ளி வெளிச்சம் தெரிந்தது. சமையலறைத் தட்டி இருந்த இடம். குழாயும் இல்லை, தட்டியும் இல்லை, ஒரு தாம்பாளம் அளவுக்கு வெறும் ஓட்டை. எட்டிப் பார்த்தார். கீழே ரசூல் பீவியின் தலைமுக்காடு தெரிந்தது.

அவருடைய திட்டம் இதுதான்: ஓட்டைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அறையிலிருந்து வருகிற மாதிரி குரலை அமுக்கிப் பேசிவிடுவது. குழாய் போனது அவளுக்கு இன்னும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும், குரல் வந்தால் கேட்கத்தானே செய்வாள்? இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கும் தோன்றாது. இத்தனை வருடம் தகரத்தில் குடித்தனம் நடத்திய மனுஷருக்குத்தான் தோன்றும்.

போனை எடுத்துக் காதில் வைத்தார். தொண்டையைக் கனைத்தார். மிக்ஸி நின்றது.

"மாமே தசரதா," என்று ஆரம்பித்தார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரலில். "மனசே சரியில்லடா. பொண்ணு இருக்காளே, நம்ம மஹ்ஜபீன்..."

அந்த நேரம் பார்த்துக் காதிலிருந்த போன் வீறிட்டது. கூப்பிட்டது தசரதன்.

தாவூத் துள்ளினார். முட்டி சட்டத்தை விட்டு நழுவியது. 'மடார்' என்று ஒரு சத்தம், பிறகு சுண்ணாம்புத் தூள் மழை. தூசி அடங்கியபோது சமையலறை உச்சியில் ஒரு ஓட்டைக்குப் பதிலாக இரண்டு இருந்தன. ஒன்றில் தாவூதின் முகம். இன்னொன்றில் தொடை வரைக்கும் அவருடைய வலது கால். உடைந்த பலகையும் இரும்புச் சட்டமும் தொடையைக் கவ்விக்கொண்டதால் காலை மேலேயும் இழுக்க முடியவில்லை, கீழேயும் விட முடியவில்லை. போன் எங்கேயோ இருட்டில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது.

ரசூல் பீவி முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு முக்காட்டிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. மாட்டிக்கினேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள்.

சத்தம் கேட்டு மஹ்ஜபீன் ஓடி வந்தாள், அலறினாள், கீழே ஓடினாள். சாப்பிட்ட கையோடு ஜெகதீஷும் வந்து சேர்ந்தான். இரண்டு பேருமாகக் கிடங்கிலிருந்து மெத்தைகளை இழுத்துவந்து, ஒருவேளை மொத்தமாக விழுந்துவிட்டால் இருக்கட்டும் என்று, அந்தக் காலுக்குக் கீழே அடுக்கினார்கள். ஊருக்கெல்லாம் மெத்தை விற்றவருக்கு அவர் வீட்டில் போட்ட முதல் மெத்தை அதுதான் என்று சொல்ல வேண்டும். அதுவரை தாவூத் வீட்டில் பாயில்தான் படுத்துக்கொண்டிருந்தார்.

ஜெகதீஷ் ஏணியை எடுத்து வந்தான். ரசூல் பீவி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, அந்த முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"இப்போ சொல்லுங்க. மஹ்ஜபீனுக்கு இன்னா?"

தாவூத் சுற்றும் முற்றும் பார்க்க முயன்றார். ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது? கழன்றுகொள்ள வழி இல்லை. 'சும்மாதான்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் போகவே முடியாது.

"தசரதன்கிட்ட ஒரு விஷயம் பேசிகினு இருந்தேன்..."

"தசரதன் அண்ணன் இப்போதான் உங்களுக்கு போன் பண்ணாரு. எனக்கும் கேட்டுச்சு."

தாவூத் கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து நேராக அவள் மடியில் சொட்டியது.

"ரசூலு, உனக்கு அந்தத் தகரம்... நீ கேக்கறது..."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அந்த மூடி சத்தமில்லாமத்தாங்க தொறக்கும். தேங்கா எண்ணெய் போட்டு வெச்சிருந்தேன். நீங்க நான் வந்துட்டனா இல்லையான்னு தெரியாம தொண்டையக் கனைச்சுகினே கெடந்தீங்க. பாவமா இருந்துச்சு. அப்புறம்தான் கரண்டியால ஒரு தட்டு தட்டினேன். அதுக்கப்புறம் நீங்க தைரியமா ஆரம்பிச்சீங்க."

மஹ்ஜபீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெகதீஷுக்கு 'போன்ல யாரு' என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

"அப்பிடின்னா ஏன் ரசூலு புடுங்கிப் போட்ட? நல்லாத்தான போய்கினு இருந்துச்சு?"

இந்தக் கேள்வியில்தான் ரசூல் பீவிக்கு முகம் மாறியது. இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து தாவூத் கேட்டது அன்றுதான்.

"உங்களுக்கு நல்லாத்தான் போச்சு! நீங்க சொல்லிடுவீங்க. நான் பதில் சொல்ல முடியுமா? காதுல வுழாத மாதிரி கரண்டியப் புடிச்சுகினு நிக்கணும். என் பதிலையெல்லாம் யாருகிட்ட சொல்றது? அந்தக் கம்பித் தட்டிகிட்டயா?" அவள் எழுந்து நின்றாள். "கேளுங்க. குழம்புல புளி ஜாஸ்தின்னு சொன்னீங்க. அது புளி இல்லீங்க, தக்காளி! அன்னிலேந்து நான் புளியக் குறைச்சுகினே வந்து, இப்போ இந்த ஊட்ல குழம்பே குழம்பா இல்ல. உங்க அக்கா வரட்டுமான்னு அழுதீங்க. வரட்டும், ஆனா என் பீரோவத் தொறக்கக் கூடாது. இதான் என் பதில். சொல்ல முடிஞ்சுதா? ரெண்டு பெருநாளும் இங்கயே கொண்டாடிட்டு, என் பீரோவ மூணு தடவை அடுக்கி வெச்சிட்டுப் போனாங்க."

"அது எனக்குத் தெரியாதே..."

"எப்பிடித் தெரியும்? அந்தப் பச்சைப் புடவை எனக்கு எடுப்பா கீதுன்னு சொன்னீங்களே, யாருகிட்ட? தசரதன் அண்ணங்கிட்ட! அவரு இன்னா பண்ணுவாரு அத வெச்சிகினு? நான் இங்க ஈரக் கையோட நின்னுகினு சிரிச்சேன். நீங்க வந்ததும் மூஞ்ச மாத்திகினேன்."

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இறங்கிவிட்டது. அடுத்ததைச் சொல்லும்போது குரல் பழையபடி தாழ்ந்துவிட்டது.

"தப்ரேஸ மஸ்கட்டுக்கு அனுப்பறப்போ, ரசூலு தாங்க மாட்டான்னு சொன்னீங்க. மறுநாளு நானே வந்து அனுப்புங்கன்னேன். நீங்க சந்தோஷமா போய் டிக்கெட் எடுத்தீங்க. நான் தாங்கலீங்க. இன்னிக்கி வரைக்கும் தாங்கல. அத நீங்க கேக்கவே இல்ல."

 இத்தனை வருடம் தாவூத் சாமர்த்தியமாக ஜெயித்ததாக நினைத்த ஒவ்வொன்றும் வரிசையாக வந்து, உடைந்த பலகையோடு சேர்ந்து தொடையைக் குத்தியது. கால் மரத்துப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம். வழக்கமாக அவர் ஓடிவிடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், அன்று வேறு போக்கிடம் இல்லாமல் அவர் இருந்தார். இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் கண்ணில் கோபமோ மிரட்டலோ எதுவும் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எப்போதுமே அவ்வளவுதான் போலிருக்கிறது.

"ரசூலு" என்றார். "மஹ்ஜபீனுக்குப் பூனாவுல வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். நீ பொட்டியக் கட்டுன்னு நான் சொல்லிட்டேன். உன்னக் கேக்காம சொல்லிட்டேன். தப்புதான். இப்போ உன்னக் கேக்கறேன்."

ரசூல் பீவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மஹ்ஜபீன் மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றிருந்தாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் "ஐயப்பன்தாங்கல், ஐயப்பன்தாங்கல்" என்று கூவிக்கொண்டு போனான். ஜெகதீஷ் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, சத்தியம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

"போவட்டும்" என்றாள் ரசூல் பீவி. "போயே ஆவணும். படிச்சது எதுக்கு? ஆனா நான் தாங்க மாட்டேன். ரெண்டும் என் பதில்தான். ரெண்டையும் கேட்டுக்குங்க."

மஹ்ஜபீன் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே ரசூல் பீவி மேலே பார்த்தாள்.

"இவளும் போயிட்டா இந்த ஊட்ல நீங்களும் நானுந்தான். அப்பவும் தசரதன் அண்ணங்கிட்டயே பேசிகினு இருப்பீங்களா?"

தாவூதின் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. வேர்வை இல்லை.

"எனக்கும் தாங்காது ரசூலு" என்றார். கடைக் குரலும் இல்லாமல், போன் குரலும் இல்லாமல், இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்காத ஒரு குரலாக அது இருந்தது. "தப்ரேஸு போன அன்னிக்கி நான் கடைய மூடிட்டுக் கீழ கிடங்குல உக்காந்து அழுதேன். நீ பாத்துடப் போறியோன்னு மெத்தைக்குப் பின்னால உக்காந்தேன். ராத்திரி வந்து சோறு நல்லா கீதுன்னு சொன்னேன். நல்லா இல்ல. உனக்கும் தெரியும், நீ அன்னிக்கி உப்பே போடல..."

ஜெகதீஷுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. அவனுக்குச் சாயங்காலத்துக்குள் குழாயை மாட்டி முடிக்க வேண்டும். "அக்கா, பாயி கால் நீலமாவுது. ஏணி வெக்கட்டுமா?" என்றான்.

"கொஞ்சம் இரு தம்பி" என்றாள் ரசூல் பீவி, முக்காலியில் மறுபடி உட்கார்ந்தபடி. "இப்போதான் பேச ஆரம்பிச்சிருக்காரு."